எலும்பும் சாறும்

நம்ம பெரம்பலூர், அரியலூர் மண்ணுல பல கோடி ஆண்டுப் பழைய எலும்பு கல்லாகிக் கிடக்கு. நம்ம பாட்டிமார் எலும்போ உசிரோட இருக்கும்போதே உளுத்துப்போகுது!

எலும்பு மஜ்ஜை செல்கள் எலும்பை உண்டாக்கும் என்று 1966ல் மாஸ்கோவின் ஃப்ரீடென்ஸ்டைன் காட்டினார். 1991ல் அமெரிக்காவின் கேப்லன் அவற்றுக்கு மெசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயரிட்டார். உடம்பில் செலுத்தினா அதுவே எலும்பாகிடும்னு நினைச்சாங்க. ஆனால் செலுத்திய செல்கள் பெரும்பாலும் சீக்கிரமே அழிந்தன. அவை சுரந்த சாறே அழற்சியைத் தணித்து, எலும்பு அரிப்பைக் குறைப்பதை விலங்குச் சோதனைகள் காட்டின. 2017ல் கேப்லனே, பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார்!

எலும்பு உளுத்தலுக்கு அந்தச் சாறு இன்னும் அங்கீகாரம் பெற்ற மருந்தல்ல. நிலத்தை வித்து ஊசி போட ஓடாதீங்க. தம்பி தங்கைகளே, அரியலூரிலேயே 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. மீதி வரலாறு உங்க கையில்!