பெயர் மாறலாம், எண் மாறாது: கடந்து போகும் கப்பலைக் கரையிலிருந்து அறிவது எப்படி?

மாலை நேரத்தில் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் ஹராப்பானுக்குக் காற்று வாங்க வரும் குடும்பங்கள் கப்பல்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடப்பவர்களும் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் வரிசையைத் தினமும் காண்கிறார்கள். “இந்தக் கப்பல் எங்கே போகுது, என்ன ஏத்திக்கிட்டுப் போகுது?” என்று பிள்ளைகள் கேட்டால் பெரியவர்களிடம் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை.

கப்பலின் உடலிலேயே அதற்கான பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் பொழுது இனிமையாகப் போகும். செய்திகளில் வரும் கப்பல் விபத்துகளும் சரக்குக் கட்டண உயர்வும் புரியும். கப்பல் வேலைக்குப் போகவிருக்கும் இளைஞருக்கும் அவரின் குடும்பத்துக்கும் அது பாதுகாப்பாகவும் அமையும்.

உலகின் நெரிசலான கடல்வழி

உலக வாணிபச் சரக்குகளில் அளவின்படி 80 விழுக்காட்டுக்கும் மேல் கடல்வழியே செல்கிறது. அதில் கணிசமான பங்கு மலாக்கா நீரிணையையும் சிங்கப்பூர் நீரிணையையும் கடக்கிறது. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்கள் இவ்வழியே நடக்கின்றன.

2024-இல் சிங்கப்பூர்த் துறைமுகம் 41.12 மில்லியன் கொள்கலன்களைக் கையாண்டது. கிள்ளான் துறைமுகம் சுமார் 14.6 மில்லியனைக் கையாண்டது. இந்தக் கணக்கு ‘டிஇயு’ எனப்படும் அளவில் சொல்லப்படுகிறது. 20 அடி நீளமுள்ள ஒரு கொள்கலன் ஒரு டிஇயு. 40 அடிக் கொள்கலன் இரண்டாகக் கணக்கிடப்படும்.

எந்தத் திசையில் போகிறது?

சாலையில் இருப்பதுபோல் இந்த நீரிணைகளிலும் போக்கு, வரவு என இரு தடங்கள் உண்டு. கிள்ளானுக்கு அப்பால் உள்ள ஒன் ஃபேதம் பேங்க் பகுதியிலிருந்து சிங்கப்பூருக்குக் கிழக்கே ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் வரை இந்தத் தட ஏற்பாடு நடப்பில் உள்ளது. கப்பல்கள் அவற்றின் வலப்பக்கத் தடத்தில் செல்ல வேண்டும்.

இதனால் மலேசியக் கரைக்கும் சிங்கப்பூர்க் கரைக்கும் அருகிலுள்ள தடத்தில் போகும் கப்பல்கள் மேற்கே, இந்தியப் பெருங்கடல் பக்கம் போகின்றன. கடலைப் பார்த்து நிற்பவருக்கு அவை இடமிருந்து வலமாக நகரும். தூரத்தில், இந்தோனேசியக் கரையோரத் தடத்தில், வலமிருந்து இடமாக நகர்பவை கிழக்கே செல்பவை. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்களும் குறுக்கே கடக்கும் படகுகளும் இதற்கு விலக்கு.

இரவில் விளக்கின் நிறம் உதவும். கப்பலின் இடப்பக்கத்தில் சிவப்பு, வலப்பக்கத்தில் பச்சை. பச்சை தெரிந்தால் கப்பல் பார்ப்பவரின் வலப்பக்கமாகப் போகிறது. சிவப்பு தெரிந்தால் இடப்பக்கமாகப் போகிறது.

என்ன ஏற்றியிருக்கிறது?

கப்பலின் வடிவத்தை வைத்தே சரக்கை ஓரளவு சொல்லிவிடலாம்.

• கொள்கலன் கப்பல்: வண்ண வண்ணப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கும். பருப்பு முதல் கைத்தொலைபேசி வரை எதுவும் உள்ளே இருக்கலாம்.

• மொத்தச் சரக்குக் கப்பல்: மேல்தளத்தில் வரிசையாகப் பெரிய மூடிகள். சிலவற்றில் மூடிகளுக்கு இடையே பாரந்தூக்கிகள் நிற்கும். நிலக்கரி, இரும்புத் தாது, கோதுமை, உரம் போன்றவை மூட்டை கட்டாமல் கொட்டி ஏற்றப்படும்.

• எண்ணெய்க் கப்பல்: தட்டையான மேல்தளம் முழுவதும் குழாய்கள் ஓடும். தோட்டங்களில் விளையும் செம்பனையின் எண்ணெயும் இத்தகைய கப்பல்களில்தான் கிள்ளான், பாசிர் கூடாங் துறைமுகங்களிலிருந்து வெளிநாடு செல்கிறது.

• எரிவாயுக் கப்பல்: சிலவற்றில் அரைப்பந்து போன்ற பெரிய கலன்கள் மேலே தெரியும்.

• கார் ஏற்றும் கப்பல்: சன்னல் இல்லாத அடுக்குமாடி மிதப்பதுபோல் உயரமான பெட்டி வடிவம்.

சுமை எவ்வளவு என்பதையும் கணிக்கலாம். அடிப்பகுதியின் சிவப்புச் சாயம் நீருக்கு மேல் அகலமாகத் தெரிந்தால் சுமை குறைவு. அது நீருக்குள் மறைந்திருந்தால் கப்பல் நிறைந்திருக்கிறது.

கப்பலின் நடுப்பகுதியில் ஒரு வட்டமும் அதை வெட்டும் கோடும் வரையப்பட்டிருக்கும். அதுதான் சுமைக்கோடு. கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகவிட்ட வழக்கத்துக்கு எதிராகப் போராடிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சோலின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. 1876-இல் பிரிட்டன் இதைச் சட்டமாக்கியது. வெப்பமண்டலக் கடல், கோடைக்காலக் கடல், குளிர்காலக் கடல், நன்னீர் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆழம் வரை கப்பல் அமிழலாம் என்பதை வட்டத்தின் அருகிலுள்ள சிறு கோடுகள் காட்டும்.

கொடிகளும் பேசும். சிவப்புக் கொடி பறந்தால் ஆபத்தான சரக்கு ஏற்றப்படுகிறது, இறக்கப்படுகிறது அல்லது கப்பலில் உள்ளது. பாதி வெள்ளை, பாதி சிவப்பு என்றால் துறைமுக வழிகாட்டி கப்பலில் இருக்கிறார். பகலில் முன்பக்கம் ஒரு கறுப்பு உருண்டை தொங்கினால் கப்பல் நங்கூரமிட்டுள்ளது.

பின்புறத்தில் இருக்கும் ஊர்ப் பெயர்

கப்பலின் பின்புறத்தில் அதன் பெயரும், அதற்குக் கீழே ஓர் ஊரின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். பனாமா, மன்ரோவியா, மஜுரோ, சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற பெயர்களை அடிக்கடி காணலாம். அது கப்பல் பதிவு செய்யப்பட்ட இடம். அங்கிருந்து அது புறப்பட்டது என்றோ, உரிமையாளர் அந்த நாட்டவர் என்றோ பொருளில்லை. பல உரிமையாளர்கள் கட்டணமும் வரியும் விதிமுறைகளும் தங்களுக்குத் தோதாக இருக்கும் நாட்டில் கப்பலைப் பதிவு செய்கிறார்கள்.

2021 மார்ச் 23-இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய ‘எவர் கிவன்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உரிமையாளர் ஜப்பானிய நிறுவனம். வாடகைக்கு எடுத்து இயக்கியது தைவானின் எவர்கிரீன். பராமரிப்பு நிர்வாகம் ஜெர்மானிய நிறுவனத்தின் கையில் இருந்தது. பதிவு பனாமாவில். சிப்பந்திகள் 25 பேரும் இந்தியர்கள். சிக்குவதற்கு முன் ஜொகூரின் தஞ்சோங் பெலாபாஸ் துறைமுகத்தைத் தொட்டுவிட்டு நெதர்லாந்தின் ரோட்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்தது. 400 மீட்டர் நீளமுள்ள அக்கப்பலைக் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தால் 52 மீட்டர்தான் குறையும்.

மார்ச் 29-இல் கப்பல் மிதக்க வைக்கப்பட்டது. ஆயினும் இழப்பீட்டுப் பேச்சு முடியும்வரை ஜூலை 7 வரை அது எகிப்தில் தடுத்து வைக்கப்பட்டது. விபத்து என்று வரும்போது பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எத்தனை நாடுகளைச் சுற்றி வரும் என்பதை உலகம் அப்போது கண்டது.

மாறாத ஏழு இலக்கங்கள்

கப்பல் விற்கப்பட்டால் பெயர் மாறும். பதிவு நாடும் மாறலாம். தமிழர்களை மலாயாவுக்குக் கொண்டுவந்த ‘ரஜுலா’ கப்பலும் இப்படித்தான். 1926-இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் வழியில் ஓடிய அக்கப்பல், 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு ‘ரங்கத்’ ஆனது. அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதே வழியில் பின்னர் ஓடிய ‘சிதம்பரம்’, 1966-இல் பிரான்சில் ‘பாஸ்டர்’ என்ற பெயரில் சேவையைத் தொடங்கிய கப்பல். 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தோடு அதன் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது.

இன்று ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ‘ஐஎம்ஓ’ என்ற எழுத்துகளுக்குப் பின் ஏழு இலக்கங்கள் வரும். அனைத்துலகக் கடல்துறை அமைப்பு 1987-இல் இதை அறிமுகப்படுத்தியது. 1996 முதல் கட்டாயமானது. 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களும் 100 டன்னுக்கு மேற்பட்ட பயணிகள் கப்பல்களும் இந்த எண்ணைத் தாங்க வேண்டும். கப்பலின் வெளிப்புறத்தில் நன்றாகத் தெரியும்படி எழுத வேண்டும் என்ற விதி 2004 ஜூலையில் நடப்புக்கு வந்தது. கப்பல் கட்டப்படும் காலத்தில் கிடைக்கும் இந்த எண், அது உடைக்கப்படும் வரை மாறாது. மனிதருக்கு அடையாள அட்டை எண் போல.

எண் சரிதானா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். விடையின் கடைசி இலக்கம், எண்ணின் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். ‘எவர் கிவன்’ எண் 9811000. 63, 48, 5, 4, 0, 0 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 120. கடைசி இலக்கம் 0. கணக்கு சரி. பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சியும்கூட.

திரையில் தெரியாத கப்பல்கள்

அனைத்துலகப் பயணம் செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ‘ஏஐஎஸ்’ எனும் தானியங்கி அடையாளக் கருவியை இயக்க வேண்டும். அது கப்பலின் பெயர், இருப்பிடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலை மூலம் அறிவிக்கும். மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற செயலிகள் அந்தத் தகவலைத்தான் வரைபடத்தில் காட்டுகின்றன. சேருமிடத்தைச் சிப்பந்திகள் கையால் பதிவிடுவதால் சில வேளைகளில் பழைய ஊரின் பெயரே நிற்கும்.

கருவியை அணைத்துவிட்டுப் போகும் கப்பல்களும் உண்டு. பொருளாதாரத் தடைக்குள்ளான எண்ணெயைக் கடத்தும் பழைய கப்பல்களை ‘நிழல் கப்பல்கள்’ என்று செய்திகள் குறிப்பிடுகின்றன. 2023 மே 1-இல் ஜொகூரின் கிழக்குக் கரைக்கு அப்பால் வெடித்து எரிந்த ‘பாப்லோ’ எண்ணெய்க் கப்பல் 1997-இல் கட்டப்பட்டது. பலமுறை பெயர் மாறி, கடைசியில் காபோன் நாட்டில் பதிவாகியிருந்தது. சிப்பந்திகள் 28 பேரில் 25 பேர் மீட்கப்பட்டனர். மூவர் காணாமல் போயினர்.

கப்பல் செய்தியும் கடைவிலையும்

2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் பல நிறுவனங்கள் சூயஸ் வழியைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. ஆசிய, ஐரோப்பியப் பயணத்தில் ஏறத்தாழ 10 நாளும் அதற்கு மேலும் கூடின. அட்டவணை குலைந்து, 2024 நடுப்பகுதியில் சிங்கப்பூரில் கொள்கலன் கப்பல்கள் இரண்டு மூன்று நாள் காத்திருக்க நேர்ந்தது. காத்திருப்பும் கூடுதல் எரிபொருளும் சரக்குக் கட்டணத்தில் ஏறும். இறக்குமதியாகும் பொருளின் விலையில் அது வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். மளிகைக் கடைக்காரர்களும் சிறு இறக்குமதியாளர்களும் கப்பல் செய்திகளைக் கவனிப்பதற்கு இதுவே காரணம்.

கப்பல் வேலைக்குப் போகும் முன்

சம்பளமும் சாப்பாடும் ஊர் திரும்பும் செலவும் கொடுக்காமல் சிப்பந்திகளைக் கப்பலோடு கைவிடும் உரிமையாளர்கள் இன்றும் உள்ளனர். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி, குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராமல் தொடர்பைத் துண்டிப்பதும் கைவிடலாகக் கருதப்படும். அவ்வேளையில் நான்கு மாதம் வரையிலான நிலுவைச் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் காப்புறுதி இருக்க வேண்டும் என்ற விதி 2017 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா மூன்றும் இந்த ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகள். வேலை வாங்கித் தருவதற்காகச் சிப்பந்தியிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதன் விதி. கடப்பிதழ், மருத்துவச் சான்றிதழ் போன்றவற்றின் செலவு மட்டும் விலக்கு.

ஆகவே கையெழுத்திடும் முன் முகவரிடம் கேட்க வேண்டியவை: கப்பலின் பெயர், ஏழு இலக்க எண், பதிவு நாடு, உரிமையாளர், நிர்வகிக்கும் நிறுவனம். அந்த எண்ணை ‘ஈக்வாசிஸ்’ எனும் இணையத் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு தேடலாம். கப்பலின் வயது, பழைய பெயர்கள், பழைய பதிவு நாடுகள், துறைமுகச் சோதனைகளில் தடுத்து வைக்கப்பட்ட விவரம் ஆகியவை அங்கே கிடைக்கும். வயதான கப்பல், குறுகிய காலத்தில் பல பெயர்கள், பல பதிவு நாடுகள் என்றிருந்தால் யோசிக்க வேண்டும். எண்ணைச் சொல்ல மறுக்கும் முகவரிடமிருந்து விலகுவதே நல்லது.

கப்பலேறுபவர் கையெழுத்தான வேலை ஒப்பந்தத்தின் நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும். வீட்டிலும் ஒரு நகலை விட்டுச்செல்வது நல்லது. நகலோடு கப்பலின் எண்ணையும் எழுதி வைத்தால், பிள்ளை தொலைபேசியில் கிடைக்காத நாளில் கப்பல் எங்கே நிற்கிறது என்று குடும்பத்தினர் தேடிப் பார்க்கலாம். சம்பளம் நின்றாலோ தொடர்பு அறுந்தாலோ, கப்பல் நிற்கும் துறைமுகத்தின் கடல்துறை அதிகாரிகளிடமும், கப்பல் பதிவான நாட்டிடமும், அனைத்துலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்திடமும் முறையிடலாம். அங்கெல்லாம் முதலில் கேட்கப்படும் விவரங்களில் ஒன்று இந்த எண்.