காட்டுப்பள்ளி கடல்நீர் ஆலை: கட்டிய கம்பெனிக்கே சொத்து இல்லையா?

திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளியில் உள்ள மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. தினமும் 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன். கட்டியது தனியார், தண்ணீரை வாங்குவது சென்னைக் குடிநீர் வாரியம். 25 வருட ஒப்பந்தம் முடிந்ததும் ஆலை வாரியத்துக்கு.

இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்கு இந்தியக் கணக்கியல் தரநிலை 115-ல் தனிப் பிற்சேர்க்கையே இருக்கு. சேவை யாருக்கு, என்ன விலைக்கு என்பதை அரசுத் தரப்பு முடிவு செய்து, கடைசியில் ஆலையும் அதன் கைக்கே போனால், இயந்திரங்களை கம்பெனி தன் சொத்தாக எழுத முடியாது.

அப்போ போட்ட பணம்? பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அரசுத் தரப்பு தந்தே ஆகணும் என்றால் அது 'நிதிச் சொத்து', வரவேண்டிய கடன் மாதிரி. சுங்கச்சாவடி போல, வண்டி வந்தால்தான் காசு என்றால் 'புலனாகாச் சொத்து'. அதை ஒப்பந்தக் காலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கணும். வண்டி குறைந்தால் நஷ்டம் கம்பெனிக்கு. முதல் வகையில், ஏரிகள் நிரம்பி வழியும் வருடத்திலும் பில் அரசுத் தரப்புக்குத்தான்.