பெட்டி ஏறிய மலை

சினிமாக் கொட்டகைக்காரர்கள் படத்தைப் பெட்டி என்பார்கள். "பெட்டி வந்தாச்சா?" என்று கேட்டால் படம் வந்து சேர்ந்ததா என்று பொருள். கடனில் சிக்கி வெளிவராத படத்தைப் பற்றிக் கேட்டால், "பெட்டிக்குள்ளேயே கிடக்குது" என்று பதில் வரும். அந்தப் பெட்டி எத்தனையோ உருவம் எடுத்துக் கேமரன் மலைக்கு ஏறியது. ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். மலைக்காரன் கதையோடு அது எப்போது இறங்கியது என்பதைத்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கேமரன் மலையின் தானா ராத்தா நகரம். 1885-இல் இந்த மலையை அளந்த வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கும் நிலைத்தது. 1929-இல் ஜே.ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, சரிவைச் செதுக்கி, கன்று நட்டதில் பெரும் பங்கு தமிழ்க் கைகளுக்கு உண்டு. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் அறுபது கிலோமீட்டர்ச் சாலையில்தான் அரிசி, மண்ணெண்ணெய், கடிதம் எல்லாம் வந்தன. படமும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

படத்துக்கு அப்போது எடை இருந்தது. 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் என்றால் நான்கு கிலோமீட்டர் நீளம், ஏழெட்டுப் பெரிய ரீல்கள். நிரந்தரக் கொட்டகை இல்லாத தோட்டத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால்தான் 16 மி.மீ. வந்தது. அதே படம் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சமாகச் சுருங்கி, நாலு ரீலில் அடங்கிவிடும். ஒரு வேன், ஒரு ஜெனரேட்டர், ஒரு வெள்ளைத் துணி இருந்தால் தோட்டத்துத் திடல் கொட்டகை ஆகிவிடும்.

மலாயன் ஃபிலிம் யூனிட் 1946-இல் தொடங்கியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தகவல் இலாகாவின் வேன்கள் கம்பம் எனப்படும் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின. அரசு சொல்ல விரும்பிய சேதி மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் பேசியது. படம் இலவசம், பிரச்சாரமும் இலவசம். பெரட்டு என்னும் வருகைக் கணக்கெடுப்புக்கு விடியலில் நிற்க வேண்டிய கூட்டம் பாயும் போர்வையுமாகத் திடலில் உட்கார்ந்திருக்கும். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்காருவார்கள். படம் அங்கேயும் தெரியும். எழுத்து இடவலம் மாறி ஓடும், கதாநாயகன் இடக்கையால் வாள் சுற்றுவான். துணித் திரைக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

1963 டிசம்பர் 28-இல் மலேசியாவில் தொலைக்காட்சி வந்தது. பெட்டி இப்போது காற்றில் ஏறத் தொடங்கியது. ஆனால் மலை காற்றையும் எளிதில் விடாது. கோபுரத்திலிருந்து வரும் அலை முகடுகளில் மோதித் திரும்பி, நேராக வந்த அலையோடு ஒரு கணம் பிந்திச் சேரும். பேசுகிறவர் பக்கத்தில் அவருடைய நிழலும் நின்று பேசும். கம்பத்தில் கட்டிய ஆன்டெனாவை ஒருவர் திருப்ப, வீட்டுக்குள்ளிருந்து இன்னொருவர் "இன்னும் கொஞ்சம்! போதும், போதும்!" என்று கத்த, அதுவே ஒரு மாலை நேரத்து வேலை. 2019-இல் நாடு முழுவதும் பழைய அலை நிறுத்தப்பட்டு டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தபோது அந்த நிழல் மனிதர் போய்விட்டார். டிஜிட்டலில் படம் தெளிவாக இருக்கும், அல்லது உடைந்து கட்டம் கட்டமாகி நின்றே விடும்.

அதற்கு முன்பே பெட்டி கைக்கு அடங்கியிருந்தது. முதலில் வீடியோ கேசட், பிறகு வி.சி.டி. மூன்று வெள்ளிக்கோ ஐந்து வெள்ளிக்கோ பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கிடைத்த அந்த வட்டத் தட்டுதான் தமிழ்ப் படத்தை முதன்முதலாக எண்களாக மாற்றித் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஒரு தட்டில் 74 நிமிடம்தான் பிடிக்கும். நம் படங்களின் நீளத்துக்கு இரண்டு தட்டு, சில சமயம் மூன்று. இயக்குநர் வைத்த இடைவேளை ஓரிடம், தட்டு முடியும் இடைவேளை வேறிடம். பெரும்பாலும் திருட்டுத் தட்டு. கொட்டகையில் யாரோ எழுந்து போகும் தலையும் படத்தோடு சேர்ந்து வரும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு வீட்டில் வி.சி.டி. ஓடினால் நாலு வீடு வந்து உட்காரும். திடலின் கூட்டம் திண்ணை அளவுக்குக் குறைந்திருந்தது.

1996 ஜனவரியில் மீசாட்-1 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அந்த ஆண்டே ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி தொடங்கியது. இப்போது பெட்டி கீழேயிருந்து ஏறவில்லை, வானத்திலிருந்து இறங்கியது. முகடு மறைப்பதில்லை, ஆன்டெனா திருப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனத்த மழைத்துளிகள் அதை விழுங்கிச் சிதறடித்துவிடும். கேமரன் மலையிலோ மழை அடிக்கடி பெய்யும். தேயிலைக்குத் துளிர் கொடுக்கும் மழைதான் சீரியலின் உச்சக் காட்சியில் படத்தைப் பறிக்கும். ஆஸ்ட்ரோ தட்டில் மழை இறங்கினால் கதை நின்றுவிடும் என்பது மலையில் எல்லோரும் கற்ற அறிவியல்.

இதே காலத்தில் சென்னையிலும் பெட்டி மாறிக்கொண்டிருந்தது. கமல்ஹாசனின் 'மகாநதி' கணினியில் வெட்டித் தொகுக்கப்பட்டது. 2005-இல் அவருடைய 'மும்பை எக்ஸ்பிரஸ்' டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டு வெளியானது. சென்னையில் பிறந்த க்யூப் நிறுவனம் கொட்டகைகளைச் சுருளிலிருந்து விடுவித்தது. நான்கு கிலோமீட்டர்ச் சுருள் உள்ளங்கை அளவு ஹார்ட் டிஸ்க்காகியது. அதைத் திருடினாலும் பயனில்லை. குறிப்பிட்ட கருவியில், குறிப்பிட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாள் வரை மட்டும் திறக்கும் சாவி தனியாக வரும். பெட்டி ஒரு வழியில், சாவி ஒரு வழியில். 2016-இல் 'கபாலி' இப்படித்தான் உலகெங்கும் ஒரே வேளையில் திறந்தது. மலேசியத் தோட்டத் தமிழனின் கதை, மலேசிய மண்ணில் எடுத்த காட்சிகள், மலாய்க் குரலோடும் ஒரு பதிப்பு. ஆனாலும் பெட்டி சென்னையிலிருந்துதான் வந்தது.

மலேசியத் தமிழர் தாமே நிரப்பிய பெட்டி எது என்று கேட்டால், தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை'யைச் சொல்ல வேண்டும். 1960-களின் ரப்பர் தோட்டத்தில் படிக்க ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. சுருளுக்குப் பணம் இல்லாதவரும் படம் எடுக்கலாம் என்று டிஜிட்டல் வீடியோ கதவைத் திறந்த காலம் அது. 2005-இல் ரோட்டர்டாம் விழாவுக்குப் போனது, பிரான்சின் நாந்த் நகரில் சிறப்பு நடுவர் விருது பெற்றது. பத்தாண்டு கழித்து, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டுப் புறம்போக்குக் குடிசைக்குத் தள்ளப்பட்ட குடும்பத்தின் கதை. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியதை எதிர்த்துத் திரைத்துறையிலேயே குரல் எழுந்தது. முடிவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை 'ஜகாட்' வாங்கியது.

இரண்டு படங்களும் ஒன்றைக் காட்டின. படம் எடுக்கும் செலவை டிஜிட்டல் குறைத்துவிட்டது. படம் போய்ச் சேரும் வழியில் இருந்த சுங்கச்சாவடியை அது அகற்றவில்லை. எத்தனை கொட்டகை, எந்த மொழிப் பிரிவு, எத்தனை நாள் என்று ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்த உருவத்தில் பெட்டிக்கு உடம்பே இல்லை. இணையத்தில் ஒரு படம் சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். கையில் இருக்கும் போன் அலையின் வேகத்தைப் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவு செய்யும். சாலை வளைவில் ஒரு பாறை கோபுரத்தை மறைத்தால் முகம் மங்கும், வளைவு தாண்டினால் தெளியும். மலையின் மேடு பள்ளம் முழுவதும் படத்தின் தெளிவில் எழுதப்பட்டிருக்கும்.

இந்தப் பெட்டியை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால் ஈப்போ, அதற்கு வடக்கே சுங்கை சிப்புட். அங்கிருந்து 2020-இல், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், 'சுகு பவித்ரா' என்ற தோட்டத் தொழிலாளர் தம்பதியின் சமையல் காணொளிகள் நாடெங்கும் பரவின. கருவி ஒரு போன், களம் சின்ன அடுப்படி. அன்றைய பிரதமர் முகைதீன் யாசின் தம் உரையிலேயே அவர்களைக் குறிப்பிட்டார். அவர்கள் அந்தக் காணொளிகளில் பேசியது சரளமான மலாய். தமிழில் பேசியிருந்தால் எத்தனை லட்சம் வீட்டுக்குப் போயிருக்கும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. விழாவில் மொழிப் பிரிவு கேட்டவர் இப்போது வாசலில் இல்லை. பார்வை எண்ணிக்கை என்ற பெயரில் அவரே போனுக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

கேமரன் மலை இன்று ஓயாமல் படமாகிக்கொண்டிருக்கிறது. சுங்கை பாலாஸ் தேநீர் மையத்தின் மேடையில் நின்று எடுக்கும் நெட்டுக்குத்துக் காணொளிகளில் பச்சைச் சரிவு விரிகிறது. அதில் தேயிலை வெட்டுகிறவர்கள் புள்ளி அளவே. அவர்களில் தமிழர்கள் இப்போது குறைவு. பிள்ளைகள் படித்துக் கீழே இறங்கிவிட்டார்கள். சரிவில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வங்கதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். திடலில் ஒரு துணிக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்த கூட்டத்தின் இடத்தில், இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மொழி.

வேலை முடிந்த மாலையில் அவர்களில் ஒருவர் வீட்டுக்கு வீடியோ அழைப்பு போடுகிறார். முகத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தவர், கேட்டதற்குப் பதிலாகவோ என்னவோ, பின்பக்க லென்ஸுக்கு மாற்றிச் சரிவைக் காட்டுகிறார். போனுக்கும் அந்தத் துணியைப் போல இரண்டு பக்கம் இருக்கிறது. எங்கோ ஒரு கிராமத்தில் ஒரே ஒருவர் பார்க்க, கேமரன் மலையின் தேயிலை மங்கலாகி, தெளிந்து, மறுபடி மங்குகிறது. மழை இறங்குகிறது. அழைப்பு மட்டும் அறுபடவில்லை.