மணிக்கூண்டிலிருந்து மணிக்கட்டுக்கு

ஃபிட்னஸ் பேண்டும் ஸ்மார்ட்வாட்ச்சும் கடையில் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கின்றன. வாங்கிய பின் ஒரே மணிக்கட்டில் உட்காருகின்றன. பூர்வீகம் மட்டும் வேறு. ஸ்மார்ட்வாட்ச் கடிகாரத்தின் வாரிசு, வழியில் தொலைபேசியோடு சம்பந்தம் செய்துகொண்டது. பேண்டின் மூதாதை அடிகளை எண்ணும் கருவி. நேரம் காட்டுவது அதற்குப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட வேலை. அன்றாட உபயோகத்தில் இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதைப் பூர்வீகம் பெருமளவு விளக்கிவிடுகிறது. சென்னையில் அந்த இரண்டு வம்சங்களுக்குமே பழைய சரித்திரம் உண்டு.

நேரத்தின் கதை நுங்கம்பாக்கத்தில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அங்கே வானாய்வகம் கட்டியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டிய அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கிட்ட அந்த நேரமே ‘மெட்ராஸ் டைம்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்திய ரயில்கள் அந்த நேரப்படிதான் ஓடின. மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையின் கோபுரக் கடிகாரம் வானாய்வகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. தெருவில் போகிறவர் நிமிர்ந்து பார்த்துத் தம் சட்டைப்பைக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். 1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொது நேரம் வந்தது. மெட்ராஸ் டைமைவிட அது சுமார் 9 நிமிடம் முந்தியது. பஞ்சாங்கமோ அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்தையே நம்பியது. மயிலாப்பூரில் இன்றும் நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கு ஒரு கால் பொது நேரத்தில், ஒரு கால் பஞ்சாங்க நேரத்தில்.

நேரம் அப்போது ஊர்ப் பொதுச் சொத்து. ராயப்பேட்டை மணிக்கூண்டு இன்று பேருந்து நிறுத்தத்தின் பெயராகத்தான் பலருக்குத் தெரியும். அதைக் கட்டிய காலத்தில் அக்கம்பக்கத்துக்கே நேரம் சொன்னது அதுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு உலகெங்கும் கடிகாரம் சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. இந்தியாவில் அது நடுத்தரக் குடும்பங்களை எட்டியது, 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து தயாரிப்பைத் தொடங்கிய பிறகு. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளைக்கும் புது மாப்பிள்ளைக்கும் வாட்ச் கொடுப்பது வழக்கமாகியது. காலையில் குளித்து வந்ததும் சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை ஓடும். ஆசிரியைகள் பலர் டயலை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டினார்கள். பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் நடுவே கண்ணாடி கீறாமல் இருக்கவும், யாரும் கவனிக்காமல் நேரம் பார்க்கவும் அது தோதாக இருந்தது.

டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் டைட்டன். பெயரின் முன்பாதி டாட்டா இண்டஸ்ட்ரீஸ், பின்பாதி தமிழ்நாடு. ஓசூரில் செய்த அதன் குவார்ட்ஸ் கடிகாரங்களில் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் ஒன்று நேரத்தைக் காத்தது. சாவி கொடுக்கும் வேலை போயிற்று. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செல் மாற்றினால் போதும். இந்தச் சௌகரியம் பின்னால் வந்த ஸ்மார்ட்வாட்ச்சுகளில் பெரும்பாலும் கிடைக்கவில்லை. தினமும் சாவி கொடுத்த தாத்தாவின் வேலை, தினமும் சார்ஜ் போடும் பேரனிடம் வந்து சேர்ந்தது.

அடி எண்ணும் வம்சம் இன்னும் பழையது. அடிப்பிரதட்சணம் என்ற சொல்லிலேயே அது இருக்கிறது: குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி வைத்து, பிராகாரத்தை அடி அடியாக அளந்து வருவது. கபாலீசுவரர் கோயிலிலோ அரச மரத்தடிப் பிள்ளையாரையோ 108 சுற்று சுற்றுகிறவர் கணக்கு தவறாமல் இருக்க விரல் கணுவையோ புளியங்கொட்டையையோ நம்பினார். ஜபமாலையின் மணிகளும் 108.

இதே மாலையை வேறு வேலைக்கு மாற்றியவர்கள் நில அளவைக்காரர்கள். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே சங்கிலி பிடித்து அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மகா முக்கோண அளவை அங்கிருந்து வடக்கே வளர்ந்து இமயம்வரை போனது. ஆங்கிலேயர் நுழைய முடியாத திபெத்தை அளக்க 1860களில் நயின் சிங் போன்ற ‘பண்டிதர்கள்’ அனுப்பப்பட்டனர். யாத்ரீகர் வேடம், கையில் மாலை. அந்த மாலையில் 108க்குப் பதிலாக 100 மணிகள்தான். நூறு அடிக்கு ஒரு மணியைத் தள்ளுவார்கள். ஏறக்குறைய 2,000 காலடி ஒரு மைல். அந்தக் கணக்கில் 10,000 அடி என்பது ஐந்து மைல், அதாவது எட்டு கிலோமீட்டர்.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்பது கொஞ்சம் வேடிக்கையான கதை. 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றை ‘மான்போ-கெய்’ என்ற பெயரில் விற்றது. பெயரின் பொருள் ‘பத்தாயிரம் அடி மானி’. மருத்துவ ஆய்வின் முடிவாக வந்த எண் அல்ல. வாயில் நன்றாக உட்கார்ந்த விற்பனைப் பெயர். அரை நூற்றாண்டு கழித்து, 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் அடிகளை எண்ணியது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பேண்டுகள் பலவோ இன்னமும் 10,000ஐத் தொட்டால்தான் அதிர்ந்து வாழ்த்துகின்றன.

சென்னை நடக்கத் தொடங்கியதற்குக் காற்று வாங்கும் ஆசை ஒரு காரணம், சர்க்கரை வியாதி மற்றொன்று. முதலாவதற்கு ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் மெரினாவில் உலாச்சாலை அமைத்துக் கொடுத்தார். இரண்டாவது 1990களில் எண்ணாகவே தெரிய வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் நடந்த சென்னை நகர்ப்புற ஆய்வு இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டது: தி. நகரில் வருமானம் குறைந்த பாரதி நகர், திருமங்கலத்தில் நடுத்தர வருமானக் குடியிருப்பான ஆசியாட் காலனி. சர்க்கரை வியாதி முதல் பகுதியில் 6.5 சதவீதம், இரண்டாவதில் 12.4 சதவீதம். முடிவு தெரிந்ததும் ஆசியாட் காலனிக்காரர்கள் சொந்தப் பணத்தில் பூங்கா அமைத்தார்கள். உடற்பயிற்சி செய்வோர் அங்கே 14.2 சதவீதத்திலிருந்து ஏழாண்டில் 58.7 சதவீதமாக உயர்ந்தனர். யார் கையிலும் பேண்ட் இல்லை.

2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வும் இங்கே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தியதுதான். சர்க்கரையின் வாசலில் நின்றவர்களில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றாண்டில் நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் சீர்செய்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்கே வந்தது. அதே குழு 2013இல் 537 ஆண்களை வைத்து இன்னும் எளிய வழியைச் சோதித்தது: செல்போனுக்கு அடிக்கடி ஒரு குறுஞ்செய்தி. பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு. இதன் பக்கத்தில் அமெரிக்காவில் 2016இல் வந்த ஒரு முடிவை வைத்துப் பார்க்கலாம்: எடை குறைக்க முயன்ற இளைஞர்களில் கருவி அணிந்தவர்கள் இரண்டாண்டில் சராசரி 3.5 கிலோ குறைந்தார்கள், அணியாதவர்கள் 5.9 கிலோ. நினைவூட்டல் பலன் தருகிறது; எண்ணிக்கை மட்டும் தருவதில்லை என்றே இவற்றிலிருந்து தோன்றுகிறது.

இரண்டு வம்சங்களும் சந்தித்தது 2009க்கும் 2016க்கும் இடையில். ஃபிட்பிட் 2009இல் உடையில் கிளிப் போல் மாட்டும் அடிமானியாக வந்து, 2013இல் மணிக்கட்டுப் பட்டையாக மாறியது. கடிகாரத் தரப்பில் பெபிள் 2012இல் பொதுமக்கள் முன்பணத்திலேயே ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2016இல் அதை ஃபிட்பிட் வாங்கியது, பின்னர் ஃபிட்பிட்டைக் கூகுள் வாங்கியது. இந்தியச் சந்தைக்கு 2015தான் முக்கியமான வருடம். ஏப்ரலில் ஷாவ்மியின் மி பேண்ட் 999 ரூபாய்க்கு வந்தது. நவம்பரில் ஆப்பிள் வாட்ச் 30,900 ரூபாயில் தொடங்கியது. முப்பது மடங்கு வித்தியாசம். மி பேண்டில் திரையே கிடையாது, மூன்று சிறு விளக்குகள் மட்டும். டைட்டன் 2016 ஜனவரியில் எச்.பி.யோடு சேர்ந்து ஜக்ஸ்ட் என்ற ஸ்மார்ட்வாட்ச்சையும், 2017இல் ஃபாஸ்ட்ராக் ரிஃப்ளெக்ஸ் என்ற பேண்டையும் இறக்கியது. இரண்டு குதிரையிலும் கால் வைத்துப் பார்த்த உள்ளூர் நிறுவனம் அது.

2020க்குப் பிறகு நாய்ஸ், போட், ஃபயர்-போல்ட் போன்ற பெயர்களில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவான ‘ஸ்மார்ட்வாட்ச்’ வெள்ளம் வந்தது. வேறுபாடு மங்கியது அப்போதுதான். இவற்றில் பெரும்பாலானவை பெரிய டயல் போட்ட பேண்டுகள் என்றே சொல்லலாம்: வெளியிலிருந்து செயலி ஏற்ற முடியாது, சிம் கிடையாது, போன் பக்கத்தில் இருந்தால்தான் பேச முடியும். உண்மையான ஸ்மார்ட்வாட்ச் தனி இயங்குதளம் கொண்ட குட்டிக் கணினி. கொரோனா காலத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கவென்றே பலர் மலிவான வாட்ச்சுகளை வாங்கினார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு அவை ஈடாகவில்லை. 2024இல் இந்த விற்பனை சரிந்தது.

உள்ளே நடப்பது இரண்டிலும் ஒன்றுதான். முடுக்கமானி கை வீச்சை உணர்ந்து அடி என்று எண்ணுகிறது. தோலின் மேல் படும் பச்சை ஒளியை இரத்தம் உறிஞ்சும் அளவு துடிப்புக்குத் துடிப்பு மாறுவதிலிருந்து நாடி கணக்கிடப்படுகிறது. சித்த வைத்தியர் அதே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று மூன்று நடைகளைப் பார்ப்பார். கருவிக்குத் தெரிவது நிமிடத்துக்கு எத்தனை என்ற ஒன்றே.

கை வீச்சை நம்புவதால் தவறுகளும் ஊருக்கேற்றபடி வருகின்றன. பாண்டி பஜார் நடைபாதையில் இரண்டு கையிலும் துணிப்பை தூக்கி நடப்பவருக்கு அடிகள் குறையும். மார்கழிக் கச்சேரியில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பேண்ட் கட்டிய கையால் தொடையில் ஆதி தாளம் போடும் ரசிகருக்குச் சில கருவிகளில் அடிகள் ஏறும். லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் ரவுண்டு கணக்கில் நடப்பவர்களுக்கு வேறு சங்கடம். மரநிழலில் சின்ன வட்டமாகச் சுற்றும்போது ஜி.பி.எஸ். கோடு பாதையை விட்டு வெளியே அலைகிறது. பேண்டுகள் பலவற்றில் ஜி.பி.எஸ். சொந்தமாகக் கிடையாது, போனையும் எடுத்துப் போக வேண்டும். தளர்வாகக் கட்டினால் நாடி தப்பும், இறுக்கினால் பெசன்ட் நகர் உப்புக் காற்றிலும் வியர்வையிலும் பட்டைக்கடியில் தோல் தடிக்கும்.

மெலிந்த பேண்ட் வளையலோடு ஒத்துப்போகிறது, தூங்கும்போது உறுத்துவதில்லை, ஒரு சார்ஜில் ஒன்றிரண்டு வாரம் வருகிறது. ஆப்பிள் வாட்ச்சுக்கு 2015இல் நிறுவனமே சொன்ன கணக்கு 18 மணி நேரம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் கரையோரப் பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, புது ஆப்பிள் வாட்ச்சுகள் ஓய்ந்துபோகப் பழைய குவார்ட்ஸ்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஸ்மார்ட்வாட்ச்சின் பலம் வேறு இடத்தில். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெற்றோர் மயிலாப்பூரிலோ அடையாறிலோ தனியாகவும் இருக்கும் வீடுகளில், விழுந்தால் உணர்ந்து அழைப்பு விடுக்கும் வசதிக்கு மதிப்பு அதிகம். ஆப்பிள் அதை 2018இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு வந்த ஒற்றைத்தட ஈ.சி.ஜி. இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைக் காட்டும், மாரடைப்பைக் காட்டாது. மலிவான திரைகள் பலவற்றில் தமிழ்க் குறுஞ்செய்தி இன்னமும் கொம்பும் காலும் இடம் மாறியோ, வெறும் கட்டங்களாகவோ வருகிறது.

2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தை மாவட்டந்தோறும் தொடங்கியபோது, சென்னையில் பெசன்ட் நகர்ப் பக்கம் பாதை ஒதுக்கப்பட்டது. அன்றைய அமைச்சர் மா. சுப்பிரமணியன் டோக்கியோவில் பார்த்த ஒரு நடைபாதை இதற்கு முன்மாதிரி. நீளம் எட்டு கிலோமீட்டர். மாலை மணியைத் தள்ளிக்கொண்டு நடந்த பண்டிதர்களின் கணக்கில் ஏறக்குறையப் பத்தாயிரம் அடி.

கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் மட்டும் இந்த மாற்றத்தில் ஒதுங்கிவிட்டார்கள். கண்ணில் லென்ஸ் இடுக்கி, எச்.எம்.டி.யைப் பிரித்துப் பல்சக்கரங்களைக் கழுவி, எண்ணெய் தொட்டு மூடினால் அது இன்னொரு பத்து வருடம் ஓடும். பேண்டின் உள்ளே இருக்கும் மின்கலத்தைப் பசை போட்டு மூடியிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் சார்ஜ் நிற்காமல் போனதும் அது மேஜை இழுப்பறைக்குப் போகிறது. பேண்டுக்காகப் பழுதுபார்க்கும் கடைகளில் கேட்டு வாங்கப்படுவது ஸ்ட்ராப் ஒன்றுதான்.