தாத்தா அழல... இமைதான் தளர்ந்திருச்சு

1/ செம்பாக்கத்துல இருந்து ஒரு தாத்தா வந்தார், எழுபது தாண்டியவர். "அத்தை போனதுல இருந்து மாமா அழுதுட்டே இருக்கார் டாக்டர்"னாங்க மருமகள். பார்த்தா கீழ் இமை வெளிப்பக்கமா மடங்கி, உள்சிவப்பு தெரியுது. இது அழுகை இல்லீங்க, எக்ட்ரோபியன். இதுக்குப் பெரிய வரலாறு இருக்கு. வாங்க பார்ப்போம்.

2/ கண்ணீர் வடிய, மூக்கோரமா இமையில ஒரு குட்டித் துளை இருக்கு. அது கண்ணை ஒட்டியே இருக்கணும். வயசாகி இமை தளர்ந்தா துளை விலகிடும். கண்ணீர் கன்னத்துல வழியும். துண்டால கீழ்நோக்கித் துடைக்கத் துடைக்க இமை இன்னும் தொங்கும்.

3/ சுமார் 2000 வருஷம் முன்னாடியே ரோம் நாட்டு செல்சஸ் இதை எழுதிட்டார். முதுமையால வர்றது வேற, தப்பான அறுவையால வர்றது வேறன்னு பிரிச்சார். முதுமைக்கு அவர் சொன்ன வைத்தியம்? மெல்லிய இரும்பைக் காய்ச்சி இமையின் வெளிப்புறம் சூடு போட்டு, தேன் தடவறது!

4/ ஆனா சிக்கல், இமை பக்கவாட்டில் நீண்டு தளர்ந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் இமையில் ஒரு துண்டை வெட்டித் தைத்துக் குறைத்தார்கள். 1979இல் ஆண்டர்சன், கோர்டி இருவரும் வெளி ஓரத்திலேயே இமையை இழுத்து எலும்புறையோடு தைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் பரவலாகச் செய்வது அதுதான்.

5/ இனி நம்ம ஊர்க் கதை. தாம்பரத்துல ரயில் ஏறினா செங்கல்பட்டு. அங்கிருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு 1947இல் போனார் பால் பிரான்ட். கொல்லிமலையில் பிறந்தவர், வேலூர் சிஎம்சி அறுவை மருத்துவர். ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பிடித்தார். பிடி இரும்பா இருந்துச்சு! எல்லாத் தசையும் சாகல, நல்ல தசையை இடம் மாற்றலாம்னு அவருக்குப் பட்டது.

6/ தொழுநோய் முக நரம்பையும் தாக்கும். இமை மூடாது, கீழ் இமை தொங்கும். கருவிழி உணர்ச்சியும் போனா தூசி விழுந்தாலும் தெரியாது. புண்ணாகிப் பார்வையே போயிடும். அவர் மனைவி மார்கரெட் பிரான்ட் வேலூரிலும் கரிகிரியிலும் இந்தக் கண்களைக் காக்கவே உழைத்தார்.

7/ மெல்லும் தசையில் ஒரு பட்டையை எடுத்து இமைக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம்? பல்லைக் கடிச்சாத்தான் கண் மூடும். அதையே அந்த நோயாளிகள் பழகிக்கிட்டாங்க.

8/ அவங்களுக்கு அவ்வளவு பாடு. நம்ம தாத்தாவுக்குத் தேவை, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் ஒரு சின்ன அறுவைதான். ஆனா "வயசானா அப்படித்தான்"னு விட்டா அவர் கருவிழியும் காயும், புண்ணாகும்.

9/ வீட்டுப் பெரியவங்க கண்ணைப் பாருங்க. துடைக்கும்போது மேல்நோக்கி, மூக்குப் பக்கமாத் துடைக்கச் சொல்லுங்க. கண் மருத்துவர்கிட்ட காட்டுங்க. திடீர்னு முகம் ஒரு பக்கம் கோணினா, அன்னைக்கே ஆஸ்பத்திரி!

10/ தாத்தாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "நான் அழலைன்னு எத்தனை தடவை சொன்னேன், யார் நம்பினா?"ன்னு சிரிச்சார். நம்புங்க மக்களே.