பதினோராண்டு காத்திருந்த பெண்

சேந்தமங்கலத்தில் என் அறைக்கு அண்மையில் நண்பர் ஒருவர் வந்தார். கையிலே துணிப்பை, பையிலே ஐந்து நோட்டுப் புத்தகங்கள். அவர் எழுதிய முதல் புதினம்! சென்னைப் பதிப்பகம் ஒன்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. சும்மா அனுப்பவில்லை, அறிவுரையும் சேர்த்து அனுப்பியிருந்தது. கைம்பெண்ணொருத்தி வேறு சாதி இளைஞனை மணக்கும் மூன்றாம் அத்தியாயத்தை நீக்கிவிட்டால், மீண்டும் பார்க்கலாமாம்!

வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்த அவரிடம் மாதவையாவின் கதையைச் சொன்னேன். உங்களிடமும் சொல்லுகிறேன், தோழர்களே!

1892-ஆம் ஆண்டு. பெண்ணுக்குக் கூடலுக்குரிய வயது பத்து அன்று, பன்னிரண்டு என்று ஆங்கில அரசு சட்டம் செய்து ஓராண்டே ஆகியிருந்தது. பன்னிரண்டு! அதற்கே "மதம் போயிற்று, மானம் போயிற்று" என்று நாடெங்கும் கூக்குரலிட்டனர் வைதிகர். அந்த வேளையில், நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே பயின்ற இருபது வயது இளைஞர் எழுதத் துணிந்தார். அவர்தாம் அ. மாதவையா. அக்கிரகாரத்துப் பிள்ளைதான், ஆனால் அக்கிரகாரத்தின் அடுக்களைக் கண்ணீரை அறிந்த பிள்ளை.

முதல் புதினக்காரனுக்கு அந்நாளில் இருந்த வழிகள் எவை? தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை முன்சீப் பதவி வகித்தவர். தெலுங்கு நாட்டு வீரேசலிங்கமோ 1874-லேயே 'விவேகவர்த்தினி' என்னும் சொந்த ஏட்டைத் தொடங்கிவிட்டவர். பதவியும் இல்லை, ஏடும் இல்லை என்னும் இளைஞன் என் செய்வான்? மற்றவர் ஏட்டின் கதவைத் தட்டுவான். மாதவையா தட்டினார். சி. வி. சுவாமிநாத ஐயர் நடத்திய 'விவேக சிந்தாமணி' திறந்தது. 'சாவித்திரி சரித்திரம்' தொடராக வரத் தொடங்கியது.

வந்தது, இடையிலே நின்றது!

அதே ஏட்டில் 1893 முதல் 1895 வரை ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' முற்றுப்பெறும் வரை வெளிவந்து, 1896-இல் நூலாகவும் மலர்ந்தது. நல்ல நூல், தமிழ்நடைக்கு அணி செய்த நூல். அதைக் குறைகூற நான் வரவில்லை. எனினும் அக்கதை முடிவது வேதாந்தத்தில். மாதவையாவின் கதையோ வேறு. குழந்தைப் பருவத்திலே மணமுடிக்கப்பட்டு, மாமியார் வீட்டில் வதைபட்டு, கணவனை இழந்து, பின்னர் மறுமணம் புரியும் பார்ப்பனப் பெண், தன் வாயாலேயே தன் கதையைச் சொல்லுகிறாள். வேதாந்தம் வீடு வந்து சேர்ந்தது. விதவை பாதி வழியிலே நின்றாள். இது தற்செயலா? நான் அப்படி நினைக்கவில்லை.

உப்புத் துறையிலே உத்தியோகம் பார்த்தார் மாதவையா. 1898-இல் 'பத்மாவதி சரித்திரம்' முதற்பாகத்தையும், மறு ஆண்டே இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டார். பெயர் வந்தது. பெயர் வந்ததும் பழைய பெண்ணை மறந்தாரா? இல்லை! 1903-இல் அவளை 'முத்துமீனாட்சி' என்ற பெயரோடு நூலாக்கி உலவவிட்டார். பதினோராண்டு கழித்து! மறுமணம் அப்படியே இருந்தது.

பிறர் கதவைத் தட்டிய கை, பின்னாளில் தன் கதவைத் தானே அமைத்துக்கொண்டது. ஓய்வுபெற்றபின் 1924-இல் 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழைத் தொடங்கினார். 'பத்மாவதி'யின் மூன்றாம் பாகத்தை அதிலேதான் எழுதலானார். அது முடியவில்லை. 1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக் கழகப் பேரவையில், பட்டப்படிப்பிலே தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று வாதாடிய அவையிலேயே உயிர் நீத்தார். ஈரோட்டிலே 'குடிஅரசு' பிறந்ததும் அவ்வாண்டில்தான்.

கேட்டுக்கொண்டிருந்த நண்பர், "பதினோராண்டா?" என்றார். சற்று நேரம் கொல்லிமலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டுகளைப் பைக்குள் அடுக்கினார். மூன்றாம் அத்தியாயம் இருந்த நோட்டை மட்டும் வெளியே வைத்து, படியெடுக்க வெள்ளைத்தாள் இருக்கிறதா என்று கேட்டார்.