வகுப்பறை நாடகம்

வகுப்பறை நாடகம் என்பது, பார்வையாளர் யாரும் இல்லாமல், மாணவர் அனைவரும் ஒரு கற்பனைச் சூழலுக்குள் நின்று பேசியும் வாதாடியும் முடிவெடுத்தும் பாடம் கற்கும் முறை. ஆண்டு விழாவுக்காகப் பத்துப் பிள்ளைகள் வசனத்தை மனப்பாடம் செய்து மேடையேறுவது இதில் சேராது. அங்கே மீதி முப்பது பேருக்குக் கைதட்டுவதைத் தவிர வேலையில்லை. இங்கே நாற்பது பேரும் நாடகத்துக்குள் இருப்பார்கள். ஒப்பனையும் திரையும் ஒத்திகையும் தேவையில்லை. ஆசிரியர் நல்ல நடிகராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, அதிலிருந்து அடுத்த கேள்வியை எடுக்கத் தெரிந்தால் போதும்.

தோற்றமும் வளர்ச்சியும்

இங்கிலாந்தில் சசெக்ஸ் வட்டாரத்துச் சோம்ப்டிங் என்னும் சிற்றூரில் தலைமையாசிரியராக இருந்த ஹேரியட் ஃபின்லே-ஜான்சன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வரலாறு, புவியியல் போன்ற பாடங்களைப் பிள்ளைகளே உருவாக்கிய நாடகங்கள் வழியாக நடத்தினார். கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் கற்பித்த ஹென்றி கால்டுவெல் குக் தம் அனுபவத்தை 1917இல் நூலாக்கினார். குழந்தையின் விளையாட்டு தன்னளவில் ஒரு கலை, அதை அவசரமாக மேடைக்கு ஏற்றிக் கெடுக்கக் கூடாது என்று பீட்டர் ஸ்லேட் 1954இல் எழுதினார். அமெரிக்காவில் வயோலா ஸ்போலின் சிகாகோவில் சிறுவர்களோடு பணியாற்றி உருவாக்கிய அரங்க விளையாட்டுகளின் தொகுப்பு 1963இல் வெளிவந்தது. எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவர் அசைவை மற்றவர் அப்படியே செய்யும் கண்ணாடி விளையாட்டு இன்று ஏறக்குறைய எல்லாப் பயிலரங்குகளிலும் இடம்பெறுகிறது. அது பரவியதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு.

இத்துறையின் போக்கை மாற்றியவர் டோரத்தி ஹீத்கோட் (1926–2011). யார்க்ஷயரில் பிறந்து, 14 வயதில் கம்பளி ஆலையில் தறி ஓட்டப் போனவர். 19 வயதில் பிராட்ஃபோர்டு நாடகப் பள்ளியில் சேர்ந்தார். 1950இல், ஆசிரியர் பயிற்சிப் பட்டம் ஏதுமின்றியே, நியூகாசிலில் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் பணிக்கு அமர்த்தப்பட்டார். அவர் செய்த பெரிய மாற்றம், ஆசிரியரும் ஒரு பாத்திரம் ஏற்று நாடகத்துக்குள் நுழையலாம் என்பது. ஓரத்தில் நின்று ‘இப்படி நடி, அப்படி நடி’ என்று ஆணையிடும் இயக்குநராக இல்லாமல், கதைக்குள் ஓர் ஆளாக வந்து பிள்ளைகளுக்குச் சிக்கலை உண்டாக்குவது. அவர் வளர்த்த ‘நிபுணர் வேடம்’ என்னும் முறையில் பிள்ளைகள் அருங்காட்சியகம் நடத்துபவர்களாகவோ மீட்புக் குழுவினராகவோ பொறுப்பேற்கிறார்கள். அந்த வேலைக்குத் தேவைப்படும்போது கணக்கும் அறிவியலும் மொழியும் தாமாக உள்ளே வருகின்றன. அவர் காலத்தவரான கேவின் போல்ட்டன் இந்த முறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் தந்தார். பிரேசிலின் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கிலிருந்து, உடலாலேயே ஒரு நிலைமையைச் செதுக்கிக் காட்டும் உத்தியும், பார்ப்பவர் எழுந்து வந்து கதையின் போக்கை மாற்றும் உத்தியும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன.

ஒரு பாடம்: நீரில் மூழ்கிய ஊர்

இம்முறை எப்படி நடக்கிறது என்பதை ஒரே பாடத்தை முழுதாகப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். எட்டு, ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் அணைகள் பற்றிய பகுதிக்கு மேட்டூர் அணை பொருத்தமான பொருள். 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணை இது. முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 120 அடி. தேக்கத்துக்காக ஊர்கள் காலி செய்யப்பட்டன. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் பழைய கோயிலின் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும்.

இரண்டு பாடவேளைகள் வேண்டும். முதலில் பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து தரையில் சாக்பீசால் ஓர் ஊர் வரைகிறார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு வீடு. யார் யார் இருக்கிறார்கள், என்ன தொழில், மாடு உண்டா, கிணறு யாருடையது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். ஊர் உருவாகிப் பிள்ளைகளுக்கு அது தங்கள் ஊர் ஆகும்வரை ஆசிரியர் அவசரப்படக் கூடாது. பிறகு அவர் வெளியே போய், தோளில் ஒரு துண்டும் கையில் ஒரு தாளுமாக, அரசு அலுவலகச் சிப்பந்தியாகத் திரும்பி வருகிறார். ஊரைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவை வாசிக்கிறார்.

இங்கே ஆசிரியர் கலெக்டராக வராமல் சிப்பந்தியாக வருவதில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. கலெக்டராக வந்தால் ஆசிரியரின் வழக்கமான அதிகாரம் அப்படியே தொடரும், பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். ‘முடிவு என் கையில் இல்லை, நீங்கள் சொல்வதை மேலிடத்தில் சொல்கிறேன்’ என்று தயங்கும் ஆளிடம் எந்தப் பிள்ளையும் பேசும். நஷ்டஈடு எவ்வளவு, குத்தகை நிலத்தில் உழுதவனுக்கு என்ன, சாமியை எங்கே கொண்டுபோவது, செத்துப்போன பாட்டியைப் புதைத்த இடம் என்ன ஆகும் என்று கேள்விகள் வரும். பாடநூலில் ‘இடப்பெயர்வு’ என்ற ஒரு சொல்லுக்குள் கிடப்பவை இவைதான்.

அடுத்து, ஊரைவிட்டுப் புறப்படும் காலையை ஒவ்வொரு குடும்பமும் அசையாத சிலைகளாக அமைத்துக் காட்டுகிறது. தெருவில் ஸ்டாச்சு விளையாடிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசிரியர் யார் தோளைத் தொடுகிறாரோ அவர் அப்போது மனதில் ஓடுவதை ஒரு வரியில் சொல்கிறார். வகுப்பில் பேசவே மாட்டாத பிள்ளையின் குரல் பெரும்பாலும் இந்த இடத்தில் கேட்கும். ஒரு வரிதான் என்பதும், அது தன்னுடைய சொந்தப் பேச்சு அல்ல என்பதும் தைரியம் தருகின்றன.

இரண்டாம் பாடவேளையில் பாதி வகுப்பு டெல்டா விவசாயிகளாக மாற வேண்டும். காவிரி நீரைத் தேக்கினால் அவர்கள் வயலுக்கு என்ன கிடைக்கும் என்பதும் உண்மையே. இந்தப் பக்கத்தை விட்டுவிட்டால் நாடகம் அழுகையோடு நின்றுவிடும். இரு தரப்பும் எழுதும் மனுக்களோடு எழுத்துப் பயிற்சி முடிந்த பிறகே, நீருக்கு மேலே தெரியும் கோபுரத்தின் புகைப்படத்தைக் காட்டலாம். முதலிலேயே காட்டினால் அது வெறும் படம்.

பிற பாடங்களில்

தமிழ் வகுப்பில் சிலப்பதிகாரம் நல்ல களம். ஊடல் கொண்ட தேவியைத் தேடிப் போகும் வழியில், பொற்கொல்லன் சொல்லைக் கேட்டுப் பாண்டியன் அவசரத்தில் கட்டளையிடும் கணத்தில் கதையை நிறுத்தலாம். வகுப்பு இரண்டு வரிசையாக நிற்க, பாண்டியனாக ஒரு மாணவி நடுவே மெல்ல நடந்து செல்ல, இருபுறமும் இருப்பவர்கள் அவள் காதில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வரிசையின் முடிவில் அவள் தன் தீர்ப்பைச் சொல்கிறாள். ‘கேள்வி நாற்காலி’யில் பொற்கொல்லனை அமர்த்தி மற்றவர்கள் விசாரிப்பது இன்னொரு வழி. பதில் சொல்பவர் காப்பியத்தை மீறாமல் பேச வேண்டும் என்ற ஒரே விதி, பிள்ளைகளை மறுபடியும் பாடநூலைப் புரட்ட வைக்கும்.

அறிவியலில் இதற்கு இடம் குறைவு. திண்மம், நீர்மம், வாயு ஆகியவற்றின் துகள்களாகப் பிள்ளைகள் நெருங்கியும் விலகியும் நகர்வது தொடக்க வகுப்புகளுக்குப் பயன்படும். அதை நாடகம் என்பதைவிட உடலால் செய்யும் மாதிரி என்பதே சரி.

பொருள்களும் இடமும்

ஒரு பழைய வேட்டி ஆறாகும், சுவராகும், பிணத்தைப் போர்த்தும் துணியாகும். நாற்காலி ஒன்று, பழைய செய்தித்தாள், சாக்பீஸ், கயிறு, மங்கிப்போன ஒரு கடிதம், தட்டி ஒலியெழுப்ப ஒரு தப்பு அல்லது தகர டப்பா ஆகியவை இருந்தால் ஓராண்டுக்கான பாடங்களை நடத்தலாம். விலை கொடுத்து வாங்கிய கிரீடமும் அட்டைக் கத்தியும் பெரும்பாலும் தொந்தரவு. பிள்ளைகளின் கவனம் கதையைவிட்டு அவற்றின்மேல் போய்விடும். இருக்கைகளை நகர்த்த முடியாத வகுப்பறையில் தாழ்வாரமும் மரத்தடியும் உதவும். தப்பை ஒருமுறை தட்டினால் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும் என்னும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திவிட வேண்டும். அது இல்லாமல் நாற்பது பேரை வைத்து இதை நடத்த முடியாது.

தமிழ்ச் சூழல்

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலும், அதுபோன்ற பாலர் சபைகளிலும் சிறுவர்கள் கடும் பயிற்சி பெற்றார்கள். அது பிழைப்புக்கான தொழிற்பயிற்சி. பள்ளிக் கல்வியோடு அதைக் குழப்பக் கூடாது. பிற்காலத்தில் காந்திகிராமத்தில் பணியாற்றிய சே. இராமானுஜம் சிறுவர் அரங்கில் அக்கறையோடு ஈடுபட்டார். புதுவையைச் சேர்ந்த வேலு சரவணன் பள்ளி பள்ளியாகச் சென்று குழந்தைகளுக்கு நாடகம் நிகழ்த்திவருகிறார். டெல்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளி 1989இல் கல்வியரங்குக்கென்றே தனிக் குழுவைத் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா நிறையப் பிள்ளைகளை மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் போட்டிக்கான நாடகத்தை வகுப்பறை நாடகத்தின் இடத்தில் வைத்துவிட முடியாது.

இவ்வகையில் இலங்கைத் தமிழர் முன்னே சென்றவர்கள். யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கமும், சி. மௌனகுருவும் பாட்டும் ஆட்டமும் கலந்த சிறுவர் நாடகங்களைப் பள்ளிகளுக்கென்றே எழுதினார்கள். ‘கூடி விளையாடு பாப்பா’, ‘தப்பி வந்த தாடி ஆடு’ ஆகியவை அவற்றில் புகழ்பெற்றவை. அங்கே ‘நாடகமும் அரங்கியலும்’ கல்விப் பொதுத் தராதர (க.பொ.த.) உயர்தரத் தேர்வில் ஒரு பாடமாகவே இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதில் சாதியும் நிறமும் பாலினமும் ஓசையின்றிப் புகுந்துவிடும். கறுத்த பிள்ளை எப்போதும் அரக்கனாகவும், பெண்பிள்ளை எப்போதும் அழும் தாயாகவும் நின்றால், ஆசிரியர் வாயால் சொல்லாத ஒன்றை வகுப்பு கற்றுக்கொள்கிறது. பாத்திரங்களைச் சுழற்றுவதும், ஒரே பாத்திரத்தை நான்கைந்து பேர் மாறி மாறி ஏற்பதும் இதைத் தடுக்கும். பிள்ளையின் சொந்த வீட்டுத் துயரத்தை நடிக்கச் சொல்லவே கூடாது. மூழ்கிய ஊர் போல ஒரு கதையின் மறைவு இருந்தால்தான் பிள்ளை பத்திரமாக உணர்ச்சிக்குள் போய்த் திரும்ப முடியும். கடுமையான காட்சிக்குப் பின் துண்டைக் கழற்றி வைத்து, அவரவர் சொந்தப் பெயரைச் சொல்லி, வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

மதிப்பிடும்போது குரல்வளத்துக்கும் முகபாவத்துக்கும் மதிப்பெண் போட்டால் முறையே குலைந்துவிடும். பாத்திரத்தில் நின்று கேட்ட கேள்வி, அடுத்தவர் சொன்னதைக் கேட்டுத் தன் நிலையை மாற்றிக்கொண்டது, பின்னர் எழுதிய மனுவில் தெரியும் விவரம் ஆகியவற்றை ஆசிரியர் ஒரு குறிப்பேட்டில் அன்றன்று எழுதிவைப்பதே ஏற்ற வழி.